முதலில் ஊசி, பிறகு தட்டு

அக்காவுக்குக் குரலைத் தணித்துப் பேச வராது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று அவள் தண்ணீர் கேட்டால், நாலு தோட்டம் தள்ளி மோட்டார் ரூமில் இருப்பவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். அவளோடு வேலை செய்த காலத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை, "மெதுவாப் பேசு" என்பதுதான். மேஸ்திரி சொல்லுவார். கூட வேலை செய்யும் பெண்கள் சொல்லுவார்கள். அவள் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவான். அக்கா கேட்டுக்கொள்வாள். பிறகு விட்ட இடத்திலிருந்து அதே சத்தத்தில் தொடருவாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, புரோட்டாக் கடை, மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் என்று எதிலும் ஒரு வருஷம் தரிக்காமல் சுற்றிவிட்டு, எழுபதுகளின் பின்பாதியில் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைக்குக் கவாத்து வெட்ட வந்து சேர்ந்தேன். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் படர்ந்த கொடியை நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி வெட்ட வேண்டும். முதல் நாள் மதியம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை. அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏலே, கை வரலையா? யாராச்சும் இந்தப் பயலுக்கு ஊட்டி விடுங்கடி."

பந்தல் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தன் தூக்குச்சட்டியிலிருந்து கம்மங்கூழை என் குவளையில் ஊற்றிவிட்டாள். கூழ் என்றால் கையைத் தூக்க வேண்டாம், குனிந்து உறிஞ்சிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டிரைவர் பொண்டாட்டி என்றார்கள். பிற்பாடு அதையும் விட்டுவிட்டுப் பிள்ளை தங்காதவள் என்றார்கள்.

புருஷன் லாரி டிரைவர். திராட்சையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போவான், வருவான். வழியில் எங்கே தூங்கினான், யாரோடு தூங்கினான் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. லாரி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆணுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குப் பெயர் சூடு. எரிந்தால் சூடு, சீழ் வந்தால் சூடு, புண் வந்தால் அதிகச் சூடு. இளநீர் குடிப்பான், வெந்தயத்தை ஊறவைத்துத் தின்பான், நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவான். கிரந்திப் புண்ணுக்கு, டாக்டர்கள் சிபிலிஸ் என்பார்களே, அதற்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். இளநீர் குடித்தவன், இளநீரில் ஆறிற்று என்று நினைத்துக்கொள்வான். புண் போன பிறகும் சீக்கு ரத்தத்தில் இருக்கும். அது பெண்டாட்டிக்குப் போகும், அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். அக்காவின் புருஷன் கல்யாணமான புதிதில் அப்படி ஒரு சூட்டை இளநீரில் ஆற்றியவன்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. மூன்றும் நிறைமாதத்தை நெருங்கும்போது. "தோலு என் கையோட வந்துச்சுடா, வெந்த கிழங்கு மாதிரி" என்று ஒருநாள் கொடியை வெட்டிக்கொண்டே சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்து வரிசையில் கத்தரிக்கோல்கள் நின்றுவிட்டன.

ஊரில் நாகதோஷம் என்றார்கள். மாமியார் அவளைப் பச்சை உடம்போடு கோயில் கோயிலாக ஈரச்சேலையில் உருள வைத்தாள். இரண்டாவது தடவை மாசமாக இருந்தபோது, அக்கா பிடிவாதம் பிடித்ததால் புருஷன் ஒரு டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்றைக்கு இவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் புருஷனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ரெண்டு பேருக்கும் கிரந்தி இருக்கிறது, ரெண்டு பேரும் பென்சிலின் போட வேண்டும், இப்போதே போட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். கதவு திறந்தது. வெளியே வந்தவன் சொன்னான்:

"உனக்கு ரத்தம் கம்மியாம். கீரை திங்கச் சொன்னாரு."

அவள் கீரை தின்றாள். வேலை முடிந்து வரப்பு வரப்பாகப் போய்ப் பறித்துவந்து தின்றாள். அந்தப் பிள்ளையும் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, நல்ல கைராசி என்று பேர் எடுத்தவர். பெண்டாட்டியின் ரத்தத்தைப் பற்றிப் புருஷனிடம் சொன்னால் போதும் என்று அவரும் நினைத்தார், மரியாதை என்றும் நினைத்திருப்பார். எனக்கு அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ரத்தம் அவளுடையது. பிள்ளை அவள் வயிற்றில் இருந்தது. நடுவில் ஒரு மரக்கதவு, அவ்வளவுதான்.

மூன்றாவது பிள்ளை போனபோது சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேரளத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். செத்த பிள்ளையைத் துணியில் சுற்றும்போதே அவளுக்குச் சந்தேகம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முடிவை நேராக அக்காவிடமே சொன்னாள். இது நாகமும் இல்லை, சாபமும் இல்லை, ஊசியில் போகிற சீக்கு என்றாள். அப்போதுதான் பழைய கீரைக் கதை உடைந்தது. அக்கா வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்து உலுக்கியதில் அவனே ஒப்புக்கொண்டான். "புண்ணுதான் ஆறிருச்சே, எனக்கு எதுக்கு ஊசி?" என்றானாம். அதுதான் அவன் சொன்ன சமாதானம்.

அந்த ஊசி மருந்து மாவு கரைத்ததுபோல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். இடுப்புக்குக் கீழே ரெண்டு பக்கமும் போடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று வாரம். போட்டுக்கொண்டவர் ரெண்டு நாளைக்குச் சரியாக உட்கார முடியாது. முதல் ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தபோது யாரோ பெரியவர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். "நீங்க உக்காருங்கய்யா, எனக்குக் குண்டியில கிரந்தி ஊசி போட்டிருக்காக" என்றாளாம். உத்தமபாளையத்திலிருந்து ஓடைப்பட்டி வரைக்கும் அந்தப் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை என்று, அதே பஸ்ஸில் வந்த எங்கள் மேஸ்திரி சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

நர்ஸ் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒருத்தருக்கு மட்டும் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை, அவனையும் கூட்டிவா, அவனுக்கும் ஊசி போட்டு முடிகிறவரை சேர்ந்து படுக்காதே என்று. அக்கா கூப்பிட்டாள். "ஆம்பளைய ஆஸ்பத்திரி லைன்ல நிக்க வைக்கப் பாக்குறியா?" என்று அவன் கத்தினான். அன்றிலிருந்து அக்கா உள்ளே படுத்துக் கதவைத் தாழ் போட்டாள். அவன் திண்டாடட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான் தோட்டத்துக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. எனக்கும் அவள் நாக்கு கிடைத்தது. கம்பம் டவுனில் ஒருத்தியிடம் போய் எனக்கு வெட்டைச் சீக்கு வந்திருந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒண்ணுக்குப் போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தேன். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து அக்கா கேட்டாள்.

"ஏலே, எரியுதா?"

"ஒண்ணுமில்லக்கா. சூடு."

"சீழு வருதா?"

"மெதுவாப் பேசுக்கா."

"சீக்க மெதுவாவா வாங்குன? இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. கடையில நாலு மாத்திரைய வாங்கி முழுங்கிட்டு, எரிச்சல் நின்னுருச்சுன்னு விட்டுராத. அவுக குடுக்கிறத முழுசா முடி. முடியிற வரைக்கும் எவகிட்டயும் போகாத. யாருகிட்ட போனியோ அந்தப் பிள்ளைகிட்டயும் போயிச் சொல்லு."

"அவ எங்கன இருக்கான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"படுக்கப் போறப்ப மட்டும் வழி தெரிஞ்சுச்சுல்ல?"

பெண்கள் இலையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். போனேன். ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். கம்பத்துக்கும் போய்ச் சொன்னேன். அவள் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். ஆனால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பெண்கள் வரிசையில் நின்றாள். என்னைத் தெரியாததுபோல் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயம் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன நிரோத் உறையை ஊர்ப் பிள்ளைகள் ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆண்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அந்த வழியாகக் களைக்கொத்தியோடு வந்தாள்.

"சிரிங்கய்யா. இத மாட்ட வேண்டிய ஆளு மாட்டியிருந்தா, இந்நேரம் என் பிள்ளைகளும் இங்கன பலூன் ஊதிக்கிட்டு நிக்கும்."

சிரிப்பு நின்றது. ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

அப்புறம் ரெண்டாம் கல்யாணப் பேச்சு வந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும், கேட்பார் இல்லை. பிள்ளை இல்லாதவள், புருஷனோடு படுக்காதவள் என்று மாமியார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனாள். பெண்ணும் கிடைத்துவிட்டது. எங்கள் தோட்டத்திலேயே, அக்காவுக்கு அடுத்த வரிசையில் கொடியைக் கம்பியில் கட்டுகிறவள். இருபது வயது இருக்கும். தகப்பன் இல்லை. தாயும் மகளும் கூலி. லாரி டிரைவர் மாப்பிள்ளை என்றதும் தாய்க்கு அது கையில் விழுந்த அதிர்ஷ்டமாகப் பட்டது.

அந்தப் பக்கத்துச் சாதிசனத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் இருக்கும்போது இளையவளைக் கட்டுவதானால், மூத்தவளே ஊர்ச் சாவடியில் பெரிய மனிதர்களுக்கு முன்னால் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துப் பெண்ணின் தாய் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் கட்டினால் அது கல்யாணக் கணக்கில் சேராது, இளையவளை யாரும் மதிக்க மாட்டார்கள். வழக்கமாக மூத்தவள் அழுதுகொண்டே கொடுப்பாள். அழுகையைப் பார்த்துப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அதோடு முடியும்.

அன்றைக்குத் தோட்டத்து ஆள் அத்தனை பேரும் சாவடியைச் சுற்றி நின்றோம். அக்கா மஞ்சள் சேலை கட்டித் தட்டோடு வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் தயவாகத்தான் பேசினார்.

"ஆத்தா, உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாக. நீ பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்க. தட்டக் குடு."

"குடுக்கிறேன். இந்த ஆளு எனக்கு வேணும்னு நான் ஒண்ணும் அழுகல. முதல்ல இவரு ஊசி போட்டுட்டு வரட்டும். பெறகு தட்டு."

"என்ன ஊசி?"

"கிரந்தி ஊசி."

புருஷன் எழுந்து வந்து அவள் வாயில் அடித்தான். உதடு கிழிந்தது. தட்டை அவள் விடவில்லை. அவனை ஒருவரும் பிடிக்கவில்லை. பெரியவர் அவளைத்தான் அதட்டினார்.

"மெதுவாப் பேசு ஆத்தா. பொம்பளச் சீக்கப் பத்திச் சாவடியில பேசலாமா?"

"பொம்பளச் சீக்கா? கொண்டாந்தது இந்த ஆளு, லாரியில. செத்தது என் பிள்ளைக. பேரு மட்டும் எங்களுக்கா? யாரு வச்சாக இந்தப் பேர? நீங்களா?"

பெண்ணின் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏத்தா, அது இருந்தா பிள்ள தங்காதா?"

"எனக்குத் தங்குச்சா? மூணையும் புதைச்ச இடம் உனக்குத் தெரியும்ல? உன் மகளுக்கும் அப்படி வரணுமா?"

அந்தப் பெண் தாயின் பின்னால் நின்று அக்காவின் உதட்டிலிருந்து வடிகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். இந்தச் சத்தம் முடிந்தால் போதும் என்று, ஊசிதானே, போட்டுவிட்டு வரட்டும் என்றார்கள். பங்காளி ஒருவனைத் துணைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் மறுபடி கூடினோம். அவன் வந்தான். தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. "போட்டாச்சு" என்று பங்காளி சாட்சி சொன்னான். அவன் துண்டை உதறிச் சாவடிக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்து, சம்மணமும் போட்டுக்கொண்டான்.

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எந்திரி. மறுபடி உக்காரு."

"எதுக்குடி?"

"கிரந்தி ஊசி போட்டவன் கல்லுல இப்படியா உக்காருவான்? நான் ரெண்டு நாளு குப்புறப் படுத்துக் கெடந்தேன். கையில எந்த ஊசியப் போட்டு வந்த? சத்து ஊசியா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி, "மாப்பிள்ளைக்குச் சத்து நெறையத்தான் ஏறிருச்சு போல" என்றாள். பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பங்காளி காலால் மண்ணைக் கிளறினான். யாரோ ஒரு கம்பவுண்டரைப் பிடித்துச் சத்து ஊசிதான் போட்டு வந்திருக்கிறார்கள். பெரியவருக்கு வேர்த்துவிட்டது. "போட்டேங்கிறான்ல, விடு ஆத்தா. தட்டக் குடு" என்றார். தெரிந்துகொண்டேதான் சொன்னார். ஒரு பெண்ணின் வயிறு பாழாய்ப் போனாலும் சாவடி நேரத்தில் கலைய வேண்டும் அவருக்கு. எனக்கு அந்த ஆளைக் கல்லிலிருந்து இழுத்துக் கீழே தள்ள வேண்டும்போல் இருந்தது. நான் வெளியூர்க்காரன், கூலி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்ணின் தாய்தான் எழுந்தாள். அந்த அம்மா அதுவரை சபையில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசியவள் இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போட்டுட்டு நேரா எங்க வீட்டுக்கு வரட்டும். எங்க ஆட்டுக்கல்லுல உக்காந்து காட்டட்டும். பெறகு பேசுவோம்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அவன் போனான். வாரா வாரம் ஊசி போட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்தான். ஆட்டுக்கல்லைப் பார்த்ததுமே முகம் கோணும். அம்மி கொத்த, உலக்கை கேட்க, நெருப்பு வாங்க என்று தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் அந்த வீட்டில் வேலை இருந்தது. ஒரு கையைக் கல்லில் ஊன்றி, பாதி உட்கார்ந்து, "யாத்தே" என்று எழுந்துவிடுவான். தாய் தலையாட்டுவாள். நான் சிரித்தேன். சிரித்தாலும் கோபம் குறையவில்லை. சில வாரத்து வலியோடு அவன் கணக்கு தீர்ந்துவிட்டது, புதுப்பெண்டாட்டியும் உண்டு. அக்காவுக்கு என்ன உண்டு?

கடைசி ஊசியும் முடிந்த பிறகு அக்கா தட்டைக் கொடுத்தாள். தாயிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் பேசினாள். சாவடியில் எல்லோருக்கும் கேட்டது.

"நாளு தள்ளிப் போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரியில ரத்தம் குடு. இந்த ஆளு லாரி லைனுக்குப் போறவரு. இப்பப் போட்ட ஊசி ஆயுசுக்கும் காவலு இல்ல, மறுபடி எங்கிட்டாவது போனா மறுபடி வரும். சந்தேகம்னா கிட்டச் சேக்காத. இன்னொண்ணு. டாக்டரு யாரைக் கூப்பிட்டாலும் நீயும் உள்ள போ. வெளிய பெஞ்சுல உக்காராத."

பெண் தலையை ஆட்டினாள். பெரியவர், "சரி சரி, மெதுவா" என்றார்.

கல்யாணச் சோறு போட்டார்கள். எனக்குப் பசி, சாப்பிட்டேன். அக்கா அன்றைக்கே துணிமூட்டையோடு கிளம்பிவிட்டாள். பெரியகுளத்தில் மாந்தோப்பு வேலை இருக்கிறதாம் என்றாள். அவள் இருந்த வீட்டு வாசலை மாமியார் சாணி போட்டு மெழுகினாள்.

ரெண்டு வருஷம் கழித்து, தேனிக்குப் போகிற பஸ்ஸில் நான் கடைசிச் சீட்டில் இருந்தேன். பெரியகுளத்தில் ஒரு மாங்காய்க் கூடையோடு அக்கா முன்வாசலில் ஏறினாள். என்னைப் பார்த்துவிட்டாள். நடுவில் பஸ் நிறைய ஆட்கள்.

"ஏலே, அந்தப் பிள்ளைக்குப் பெறந்திருச்சா?"

"பெறந்திருச்சுக்கா. பொம்பளப் பிள்ள."

"தோலு?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நல்லா இருக்குக்கா. உரியல. கொழுகொழுன்னு இருக்கு."

"அவ உள்ள போனாளா?"

"எங்கனக்கா?"

"டாக்டரு ரூமுக்குள்ளடா."

"போனாளாம். மாமியாரு வெளிய இருன்னு சொல்லியும் போனாளாம்."

அக்கா கூடையை எஞ்சின் மேல் வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

"அந்த ஊசி அப்பவும் இருந்துச்சுடா. என் மூத்ததுக்கும் இருந்துச்சு. இதே ஊசிதான். அலமாரியில இருந்துச்சு."

கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தட்டியபடி நெருங்கி வந்தார்.

"ஏம்மா, பஸ்ஸுல நாலு பேரு இருக்காக. கொஞ்சம் மெதுவாப் பேசு."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு. அதுக்கென்ன?"

"அப்ப நீயும் கேட்டுக்க" என்றாள். கீரையிலிருந்து ஆரம்பித்தாள்.